சாணிவண்டைக் குளிப்பாட்டியவள்

அவள் முன்னால் யாரும் இருந்தபடியே போய் நின்றுவிட முடியாது. நின்றால் கை நம் மேல் வந்துவிடும். காலர் மடிந்திருந்தால் நிமிர்த்துவாள். துப்பட்டா ஒரு பக்கம் இழுத்துக்கொண்டு கிடந்தால் சரிசெய்து ஊக்கு குத்துவாள். நெற்றியில் பவுடர் திட்டாக இருந்தால் கைக்குட்டை நுனியை நாக்கில் தொட்டுக்கொண்டு துடைக்க வருவாள். “சீ, எச்சிடி” என்று விலகினால் விடமாட்டாள்.

“மூஞ்சில மாவு மில்லு வெச்சிகினு கீற. எச்சிதான் இப்ப கொறச்சலா?”

படாளம் பக்கத்து அரசுப் பள்ளி ஒன்றில் பிளஸ் ஒன்னும் பிளஸ் டூவும் அவளோடு ஒரே பெஞ்சில் உட்கார்ந்து படித்தேன். அவள் பையில் புத்தகம் இருக்கிறதோ இல்லையோ, ஒரு சின்னச் சுருக்குப் பை இருக்கும். அதற்குள் ஊக்கு, சீப்பு, நூல் கோத்த ஊசி, பழைய இருமல் மருந்து பாட்டிலில் தேங்காய் எண்ணெய். அதிகாரி யாராவது பள்ளியைப் பார்க்க வருகிறார் என்று தெரிந்தால் போதும், காலையிலேயே வாசலில் நின்று வகுப்பை ஒவ்வொருத்தியாகப் பிடித்துச் சீவி எண்ணெய் வைத்துத்தான் உள்ளே விடுவாள். நாங்கள் திட்டுவோம். அவளுக்கு அது காதிலேயே ஏறாது.

“ஊரு வாய்க்கு நாமளே அவுல் குடுக்கக் கூடாதுடி” என்பாள். அவளுக்கு அதுதான் வேதம்.

ஒருமுறை மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா போனோம். கடற்கரைக் கோயில் பக்கத்துப் புல்வெளியில் வட்டமாக உட்கார்ந்து புளிசாதம் தின்றுகொண்டிருந்தோம். கழுத்தில் பெரிய கேமராவோடு ஒரு வெள்ளைக்கார அம்மா வந்து, படம் எடுக்கலாமா என்று சைகையில் கேட்டார். நாங்கள் வாய் நிறையச் சோற்றோடு தலையாட்டினோம். அவள் மட்டும் துள்ளி எழுந்து, “ஒன் மினிட் மேடம், ஒன் மினிட்” என்று கையை நீட்டித் தடுத்துவிட்டாள்.

அந்த ஒரு நிமிடம் எவ்வளவு நேரம் நீண்டது என்று கேட்காதீர்கள். வாட்டர் பாட்டில் தண்ணீரில் எல்லாருக்கும் வாய் கழுவி, உயரவாரியாக நிற்க வைத்து, செருப்புகளை ஒரு மரத்துக்குப் பின்னால் ஒளித்து, காற்றில் பறந்த முடிகளை எண்ணெய் தொட்டுப் படிய வைத்தாள். அந்த அம்மா முதலில் சிரித்தார். பிறகு, அப்படியே உட்காருங்கள், சாப்பிடுங்கள் என்று கையைக் காட்டிக் காட்டிப் பார்த்தார். கடைசியில் நாங்கள் விட்டுவிட்டுப் போன புளிசாத இலையில் ஒரு ஆடு வாய் வைக்க, அந்த ஆட்டைப் பல கோணத்தில் படம் எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் அவளைப் பிய்த்து எடுத்துவிட்டோம். அவள் அசரவில்லை.

“வாயில சோத்தோட நாம நிக்கறதுக்கு ஆடே நிக்கட்டும். ஆட்ட யாரும் ஒண்ணும் சொல்லப் போறதில்ல.”

அவள் வீடு ஊருக்கு வெளியே, ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம் இருந்த காலனியில். அம்மா சிங்கப்பெருமாள் கோயில் தாண்டி இருக்கும் கம்பெனி ஒன்றில் தரை துடைக்கும் வேலைக்குப் போய்வந்தார். விடியும் முன்னே வேன் வந்துவிடும். அந்த வேனில் ஏறும் பெண்களில் அவள் அம்மாவின் புடவை மடிப்புதான் கத்தி மாதிரி நிற்கும் என்று அவளுக்குப் பெருமை. ‘கந்தையானாலும் கசக்கிக் கட்டு’ என்று சும்மா சொல்லிவிட்டுப் போகிறவர்கள் உண்டு. அந்த வீட்டில் அதை நிஜமாகவே கடைப்பிடித்தார்கள்.

ஒரு கிறிஸ்துமஸுக்கு அங்கே போயிருந்தேன். வாசலில் காகித நட்சத்திரம். முன்சுவர் மட்டும் பளிச்சென்று இளநீலம். பக்கச் சுவர்கள் பூச்சே இல்லாமல் செங்கல்லாக நின்றன.

“இன்னாடி, பெயிண்ட் பத்தலியா?” என்றேன்.

“ரோட்ல போறவன் முன்னாடிதான பாப்பான்? சைடுல வந்து எவன் பாக்கப் போறான்?”

கேக்கும் முறுக்கும் சாப்பிட்டேன். வீட்டுக்கு வந்ததும் என் அம்மா கேட்ட முதல் கேள்வி, “அங்க எதனா வாயில வெச்சியா?” என்பதுதான். எங்கள் ஊரில் அப்படித்தான் கேட்பார்கள். இதை அவளிடம் நான் சொன்னதில்லை. சொல்லாவிட்டால் அவளுக்குத் தெரியாதா என்ன?

அன்றைக்கு ஏரிக்கரை வரை என்னோடு நடந்து வந்தபோது அவளாகவே ஒன்று சொன்னாள். ஏதோ அடுத்த வீட்டுச் சண்டையைச் சொல்வது போலத்தான் சொன்னாள்.

“ஒண்ணாங்கிளாஸ்ல ஒரு வாத்தியாரு இருந்தாரு. பள்ளிக்கூடத்துல சேந்த புதுசுல என்ன மட்டும் எழுப்பி, போயி குளிச்சிட்டு வான்னு அனுப்பிட்டாரு. நான் குளிச்சிட்டுத்தான்டி வந்தேன். எங்கம்மா காலைலயே சோப்பு போட்டு தேச்சி உட்டாங்க.”

“அப்பறம் இன்னா பண்ண?”

“வூட்டுக்குப் போயி மறுபடியும் குளிச்சேன். வேற இன்னா பண்றது?”

அதற்குப் பிறகு அவள் என் துப்பட்டாவை இழுக்க வந்தபோதெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

பிளஸ் டூவில்தான் அந்த மைக்ராஸ்கோப் வந்தது. வந்தது என்றால் எங்கள் ஊருக்கு வரவில்லை. கோயம்புத்தூர் பக்கம் ஒரு கல்லூரியில் எலக்ட்ரான் மைக்ராஸ்கோப் இருப்பதாகவும், அதை அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கொஞ்ச நேரம் விடுவதாகவும் விலங்கியல் டீச்சர் மூச்சு வாங்க வந்து சொன்னார். நாங்கள் பூச்சிகளைக் காயவைத்துப் பார்சலில் அனுப்ப வேண்டும். அங்கே அவற்றை உள்ளே வைத்து மூடிவிடுவார்கள். நாங்கள் இங்கே கம்ப்யூட்டர் அறையில் உட்கார்ந்தபடி மவுஸை நகர்த்தினால் அங்கே இருக்கும் மைக்ராஸ்கோப் எங்கள் சொல்படி நகரும். எறும்பின் முகம் சுவர் அளவுக்குத் தெரியுமாம்.

“இங்க ஆட்னா கோயம்புத்தூர்ல ஆடுமா டீச்சர்? கரண்டு போச்சின்னா?” என்றாள் ஒருத்தி.

“போச்சுன்னா ஆடாது. உக்காரு” என்றார் டீச்சர்.

யார் எந்தப் பூச்சியைக் கொண்டுவருவது என்று சண்டை வரும் என்பதால் சீட்டுக் குலுக்கிப் போட்டார். எனக்குத் தட்டான் வந்தது. இன்னொருத்திக்கு வண்ணத்துப்பூச்சி. என் பக்கத்தில் அவள் பிரித்த சீட்டில் சாணிவண்டு.

வகுப்பு கொல்லென்று சிரித்தது. பின் பெஞ்சிலிருந்து யாரோ மூக்கைப் பிடித்துக்கொண்டார்கள். அவள் அந்தச் சீட்டை நான்காக மடித்துக்கொண்டாள். “என் தட்டான எடுத்துக்கோயேன்டி” என்று மெதுவாகச் சொன்னேன். வேண்டாம் என்று தலையாட்டினாள்.

சிரிப்பு அடங்கிய பிறகு டீச்சர் இன்னொன்றும் சொன்னார். படம் தெளிவாக விழுவதற்காகப் பூச்சியின் மேல் மெல்லிசாகத் தங்கம் பூசுவார்கள் என்று.

அவள் எழுந்து நின்றாள். “நெஜத் தங்கமா டீச்சர்?”

“நெஜத் தங்கந்தான். கண்ணுக்கே தெரியாத மெல்லிசு.”

“எல்லாப் பூச்சிக்குமா? சாணிவண்டுக்குக் கூடவா?”

“எல்லாத்துக்கும்தான்.”

அவள் உட்கார்ந்தாள். அவள் முகத்தில் அப்படி ஒரு வெளிச்சத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. பரீட்சையில் முதல் மார்க் வாங்கியவளுக்குக்கூட அப்படி இருக்காது.

பார்சல் கட்டும் நாளில் எல்லாரும் மாத்திரை டப்பாவிலும் தீப்பெட்டியிலும் பூச்சிகளைக் கொண்டுவந்தோம். புதுச் செருப்பு வாங்கினால் கூடவே உப்புப் பொட்டலம் மாதிரி ஒன்று வருமே, ஈரத்தை இழுக்க அதையும் உள்ளே போட்டிருந்தோம். அவள் மட்டும் மோதிரம் வைக்கும் சிவப்பு டப்பாவை நீட்டினாள். உள்ளே பஞ்சு மெத்தை. அதன் மேல், ஷோரூமிலிருந்து அப்போதுதான் இறங்கிய ஸ்கூட்டி போல, கன்னங்கரேலென்று மின்னிக்கொண்டு ஒரு வண்டு.

“இன்னாடி பண்ண இத்த?” என்றேன்.

“ஷாம்பு போட்டு பழைய பிரஷ்ல தேச்சேன். காலு இடுக்குல எல்லாம் சாணி அடச்சிகினு கெடந்திச்சி, ஊசியால எடுத்தேன். என்னென்னமோ பொடிப் பொடியா ஒட்டிகினு இருந்திச்சி, அத்தயும் தட்டி உட்டேன். அப்பறம் காய வெச்சி, துளியூண்டு எண்ண.”

“எண்ணயா?”

“பின்ன? தங்கம் போடப் போறாங்கன்றாங்க. பொண்ணுக்கு நகை போடறதுக்கு முன்னாடி தலைக்கி ஊத்தி எண்ண வெச்சி சீவ மாட்டாங்களா? அப்டியே சாணியோடயா அனுப்புவாங்க? படாளத்துலேர்ந்து வந்த வண்டுன்னு அங்க நாலு பேரு பாப்பாங்கடி.”

எனக்கு அது சரியாகத்தான் பட்டது. டீச்சருக்கும் பட்டது. டப்பாவைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்து, “இவளப் பாத்துக் கத்துக்கங்க” என்று எங்களிடம் சொன்னார்.

குறித்த நாளன்று கம்ப்யூட்டர் அறையில் ஜன்னல்களை எல்லாம் பழைய பேனர் துணியால் மறைத்து, சுவரில் வேட்டி கட்டி, புரொஜெக்டரைப் போட்டுக்கொண்டு காத்திருந்தோம். இன்டர்நெட் வந்தது டீச்சரின் போனிலிருந்து. ஸ்பீக்கரில் அந்தப் பக்கத்து ஆளின் குரல் மட்டும் வந்தது. சின்ன வயதுக் குரல். வார்த்தைக்கு வார்த்தை ‘ங்க’ போட்டுப் பேசினார்.

“காத்தை முழுசா உறிஞ்சி எடுத்தாத்தானுங்க படம் வரும். இன்னைக்கு என்னமோ லேட்டாகுதுங்க, பொறுத்துக்கோங்க.”

பொறுத்துக்கொண்டோம். ஒருவழியாகச் சுவரில் எறும்பு வந்தது. வகுப்பே ஐயோ என்று கத்தியது. அதன் தாடை எங்கள் ஹெட்மாஸ்டர் மேஜை அளவு இருந்தது. அடுத்து என் தட்டான். மவுஸ் என் கையில். உருட்டினால் கண் பெரிதாகிறது, இன்னும் உருட்டினால் கண்ணுக்குள் கண்ணாக, ஒட்டவைத்த தேன்கூடு போல அடுக்கடுக்காக வருகிறது.

அதற்கடுத்தது அவள் முறை. துப்பட்டாவைச் சரிசெய்துகொண்டு போய் உட்கார்ந்தாள். சுவரில் வண்டு வந்தது. வண்டு என்று சொன்னார்கள், அவ்வளவுதான். சாந்து பூசி மெழுகிய சுவர் போல வழவழவென்று ஏதோ தெரிந்தது. அவள் உருட்டினாள். படம் நெளிந்தது. இன்னும் உருட்டினாள். கறுத்துப் போய், மொத்தமும் அணைந்துவிட்டது.

ஸ்பீக்கரில் அந்த ஆளின் குரல் வந்தது.

“டீச்சர், இதுமேல எண்ணெய் கிண்ணெய் எதாச்சும் பட்டுச்சுங்களா?”

அவள் எழுந்து நின்றாள். ஆளே இல்லாத ஸ்பீக்கரைப் பார்த்து, “நான்தான் சார் தடவினேன். குளிப்பாட்டி, தடவினேன்” என்றாள். குரலில் தயக்கமே இல்லை. இன்னும்கூட அது தப்பு என்று அவளுக்குத் தெரிந்திருக்கவில்லை.

அந்த ஆள் சிரித்துவிட்டார். கெட்ட சிரிப்பு இல்லை. “குளிப்பாட்டிட்டீங்களா! எண்ணெய் இருந்தா உள்ள ஆவியாகி எல்லாத்தையும் கெடுத்துடுமுங்க. நிறுத்திச் சுத்தம் பண்ணோணும். இன்னைக்கு அவ்வளவுதானுங்க.” பிறகு ஆறுதலாகச் சொல்வதாக நினைத்துக்கொண்டு சொன்னார்: “அடுத்த தடவ அழுக்கோடயே அனுப்புங்க பாப்பா. அந்த அழுக்குதான் எங்களுக்கு வேணும். பாக்க வேண்டியதெல்லாம் அதுலதான் இருக்கு.”

பாதி வகுப்புக்கு மவுஸ் தொடக் கிடைக்கவில்லை. வண்ணத்துப்பூச்சிக்காரி அழுதேவிட்டாள். சாயங்காலத்துக்குள் வண்டைக் குளிப்பாட்டியவளுக்கு ‘பியூட்டி பார்லர்’ என்று பெயர் விழுந்தது. அதுகூடப் பரவாயில்லை. சைக்கிள் ஸ்டாண்டில் ஒருத்தி எங்கள் காதுபடச் சொன்னாள்: “காலனில கீறவங்களுக்கே அழுக்குன்னா இன்னான்னு தெரியாதா? வந்துட்டா குளிப்பாட்ட.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. சைக்கிள் சீட்டைக் கைக்குட்டையால் துடைத்துவிட்டு ஏறிப் போனாள்.

கல்லூரியில் நல்லவர்கள். சில வாரம் கழித்து இன்னொரு நாள் கொடுத்தார்கள். டீச்சர் அவளைத் தனியாகக் கூப்பிட்டு, இந்த முறை எதுவும் செய்யாமல் அப்படியே கொண்டுவா என்றார். கொண்டுவந்தாள். பார்சல் கட்டும் நாள் காலையில் லேபில் யாரும் இல்லை என்று நினைத்து, காகிதப் பொட்டலம் ஒன்றை விரல் நுனியில் பிடித்துக்கொண்டு வந்து மற்றப் பூச்சிகளுக்குப் பின்னால் மறைவாக வைத்தாள். அதில் பெயர் எழுதவில்லை. குழாயடியில் போய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவினாள். நான் அலமாரிக்குப் பக்கத்தில்தான் நின்றுகொண்டிருந்தேன்.

இரண்டாவது முறை எல்லாம் சரியாக வந்தது. வண்ணத்துப்பூச்சியின் இறகில் ஓடு வேய்ந்தது போலச் செதில்கள். கொசுவின் மீசை. கடைசியாகச் சாணிவண்டு.

என்னால் அதை ஒழுங்காகச் சொல்ல முடியுமா என்று தெரியவில்லை. முன்காலில் மண்வெட்டிப் பற்கள். பற்களுக்கு நடுவே வைக்கோல் துணுக்குகள், விழுந்த மரங்கள் மாதிரி. வயிற்றுப் பக்கம் போனால், கால் மடிப்புக்குள் குட்டிக் குட்டியாக உண்ணிகள். ஒன்றை ஒன்று ஒட்டிக்கொண்டு, பஸ்ஸில் இடம் பிடித்தவர்கள் போல உட்கார்ந்திருந்தன. பறக்கத் தெரியாத அவை ஒரு சாணியிலிருந்து இன்னொரு சாணிக்கு இந்த வண்டின் மேல் ஏறித்தான் போகும் என்று ஸ்பீக்கரில் அந்த ஆள் விளக்கினார். அவர் குரலே மாறிப்போயிருந்தது.

“இப்படி ஒரு படம் எங்களுக்கே கெடச்சதில்லீங்க. இதப் பெருசா அச்சுப் போட்டு உங்க ஸ்கூலுக்கு அனுப்பறேன். யாரு கொண்டாந்ததுங்க? பேரு சொல்லுங்க, கீழ போடோணும்.”

டீச்சர் அவளைப் பார்த்தார். வகுப்பு முழுக்கத் திரும்பிப் பார்த்தது. நான் பாதி எழுந்துவிட்டேன். பெஞ்சுக்கு அடியில் அவள் என் தொடையைக் கிள்ளினாள். ரத்தம் கட்டும் அளவுக்குக் கிள்ளினாள். உட்கார்ந்துவிட்டேன்.

“யாருதுன்னு தெரியல டீச்சர்” என்றாள் அவள். “யாரோ வெச்சிட்டுப் போயிருக்காங்க.”

சுவரில் அந்த வண்டு, சாணியும் உண்ணியுமாக, எங்கள் எல்லாரையும் விடப் பெரிதாக நின்றது. டீச்சர் என்னமோ சொல்ல வாயெடுத்தார். அவள் முகத்தைப் பார்த்துவிட்டு, “தெரியலையாம் சார்” என்று ஸ்பீக்கரிடம் சொன்னார். அவள் முறைக்கு மவுஸை நீட்டியபோது, “நான்தான் போன தடவையே பாத்துட்டனே டீச்சர்” என்று சொல்லிவிட்டாள். போன தடவை அவள் பார்த்தது அந்த மெழுகிய சுவரை மட்டும்தான்.

இன்றைக்கும் எனக்கு வருத்தம் அந்த நொடியில்தான். அவளை ஏமாற்றி எதையும் யாரும் பிடுங்கவில்லை. அவளுக்குச் சேர வேண்டியதை எல்லாரும் கையில் வைத்துக்கொண்டு, வாங்கிக்கொள் வாங்கிக்கொள் என்று நின்றோம். அவளால் வாங்கிக்கொள்ள முடியவில்லை. அழுக்குதான் வேண்டும் என்று ஒரு நல்ல மனிதர் சிரித்துக்கொண்டே சொன்னால் ஆயிற்றா? ஆறு வயதில் திரும்பிப் போய் மறுபடி குளித்தவளுக்கு அது எப்படிக் காதில் விழுந்திருக்கும்?

பள்ளி முடிந்ததும் ஆளுக்கொரு பக்கம் போனோம். நான் படித்து, நாவலூரில் ஒரு ஆபீஸில் உட்கார்ந்துவிட்டேன். போன வருஷம் எங்கள் ஆபீஸ் சார்பில் அந்தப் பள்ளிக்குப் பழைய கம்ப்யூட்டர்கள் கொடுக்கப் போனபோது லேபை எட்டிப் பார்த்தேன். படங்கள் வரிசையாக மாட்டியிருந்தன. தட்டான் கண்ணுக்குக் கீழே என் பெயர். வண்ணத்துப்பூச்சிக்குக் கீழே அந்த அழுமூஞ்சியின் பெயர். நடுவில், எல்லாவற்றையும் விடப் பெரிதாகச் சாணிவண்டு. அதன் கீழே இடம் காலி. எல்லாக் கண்ணாடி மேலும் விரல் வைத்தால் கோடு விழும் அளவுக்குத் தூசி.

அதற்குப் பிறகு கொஞ்ச நாளில் ஆபீஸ் கூட்டம் ஒன்று மாமல்லபுரம் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் நடந்தது. அறை சரியாக இருக்கிறதா என்று பார்க்க, கையில் வாக்கிடாக்கியோடு கதவைத் தட்டிக்கொண்டு வந்த ஹவுஸ்கீப்பிங் சூப்பர்வைசர் அவள்தான். முகம் சதை போட்டிருந்தது. புடவை மடிப்பு அவள் அம்மாவுடையதேதான்.

“மேடம்” என்று ஆரம்பித்தவள், “அடிப்பாவி, நீயா!” என்று கட்டிக்கொண்டாள். கட்டிலில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை. விருந்தாளி அறையில் உட்காரக் கூடாதாம். நின்றபடியே பேசினோம். ஒரு பெண் குழந்தை, படிக்கிறது. அம்மா வேலைக்குப் போவதை நிறுத்திவிட்டார். வீட்டில் பக்கச் சுவருக்கும் பூசியாகிவிட்டது.

எனக்கு அதற்கு மேல் பொறுக்கவில்லை. “லேப்ல அந்தப் படம் இன்னும் கீதுடி. எல்லாத்தயும் விடப் பெருசு. பேரு போடற எடம் காலியாவே வெச்சிருக்காங்க. நான் ஹெட்மாஸ்டர் கிட்ட பேசறேன். உன் பேர எழுதச் சொல்லட்டுமா?”

“எம்பேரா?” சிரித்தாள். “அதுக்குக் கீழயா? வோணாம்மா. எம்பொண்ணு கூட அந்த ஸ்கூலுக்குத்தான் போவப் போறா.”

“அதனாலதான் சொல்றேன். அம்மா பேரப் பாத்தா அவளுக்கு எவ்ளோ பெருமையா இருக்கும்?”

“சாணி தெரியும்டி அதுல” என்றாள். அவ்வளவு பொறுமையாக, புரியாத பிள்ளைக்குச் சொல்வது போல.

அதற்குள் வாக்கிடாக்கியில் யாரோ அவளைக் கூப்பிட்டார்கள். வரேன் என்று கையைக் காட்டிவிட்டுக் கதவு வரை போனவள் நின்றாள். திரும்பாமலேயே கேட்டாள்.

“கண்ணாடி போட்டுத்தான மாட்டிகிறாங்க? அத்தயாச்சும் தொடைக்கிறாங்களா?”

“தொடைக்கிறாங்கடி” என்றேன். “டெய்லி தொடைக்கிறாங்க.”